சுக்கான் பிடிக்கும் பிள்ளையும் அருகில் இருக்கும் பெற்றோரும்

உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வரும்வரையுள்ள சில மாதங்கள் நம் வீடுகளில் ஒரு புதுமையான காலமாகும். பதின்மூன்று ஆண்டுகளாகப் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளைக்குத் திடீரென ஓய்வு கிடைக்கின்றது. காலையில் எழுப்புவார் இல்லை. மாலையில் தனியார் வகுப்பு இல்லை. வயதோ 18 ஆகிவிடுகின்றது. அப்பொழுதுதான், "அப்பா, நான் கார் பழகட்டுமா?" என்ற கேள்வி வீட்டில் எழுகின்றது.

இக்கேள்விக்குப் பெற்றோர் பெரும்பாலும் இருவகையாக விடையளிக்கின்றனர். கேட்டவன் மகனாயின், "ஆண்பிள்ளைதானே, தானாகப் பழகிக்கொள்வான்" என்று திறப்பைக் கையில் கொடுத்துவிடுகின்றனர். கேட்டவள் மகளாயின், "உனக்கு ஏன் இந்த வேலை? போகவேண்டிய இடத்துக்குத் தம்பி கொண்டுபோய் விடுவான்" என்று வாயை அடைத்துவிடுகின்றனர். இரண்டும் பிழையான விடைகளே. ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளை ஒருநாள் வீதிக்கு வரத்தான் போகின்றது. அந்நாளில் அதன் கையும் கண்ணும் மனமும் பழகியிருத்தல் வேண்டும்.

இது பொழுதுபோக்காகப் பேசித் தீர்க்கும் விடயமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளால் உயிரிழந்தனர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணமாய் நிற்பதும் வீதி விபத்தே. காய்ச்சல் என்றால் இரவோடிரவாக வைத்தியரிடம் ஓடும் நாம், இவ்விடயத்தில் அதேயளவு விழிப்பாக இருக்கின்றோமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

பல நாடுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டியுள்ளன. பழகும் பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருக்கும் காலத்தில் விபத்துகள் மிகக் குறைவு. அனுமதிப்பத்திரம் கிடைத்துப் பிள்ளை தனியே ஓட்டத் தொடங்கும் முதற் சில மாதங்களிலேயே விபத்துகள் மிகுதி. ஆகவே பெற்றோரின் கடமை பரீட்சை நாளோடு முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அதன் முக்கியமான பகுதி அன்றுதான் தொடங்குகின்றது.

பாடசாலையின் வேலையும் வீட்டின் வேலையும்

சட்டத்தின் பகுதியை முதலில் நோக்குவோம். நம் நாட்டில் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், செயன்முறைப் பரீட்சை என்று படிப்படியாகச் செல்லவேண்டும். பயிலும் காலத்தில் வாகனத்தின் முன்னும் பின்னும் 'எல்' பலகை தொங்கவேண்டும். அனுமதிப்பத்திரம் உடைய ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், இன்றைய நிபந்தனைகளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலோ பயிற்சிப் பாடசாலையிலோ கேட்டறிந்த பின்னரே பிள்ளையை வீதிக்கு அழைத்துச் செல்லுங்கள். அனுமதி இல்லாப் பிள்ளை ஓட்டி விபத்து நேர்ந்தால், வழக்கு வருவது ஒருபுறமிருக்க, காப்புறுதிப் பணமும் கிடையாமற் போகலாம்.

கிளட்ச், கியர், பிரேக் ஆகியவற்றைக் கற்பிப்பதைப் பயிற்சிப் பாடசாலையிடமே விட்டுவிடுவது நல்லது. பயிற்றுநரின் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் பூட்டப்பட்டிருக்கும். நம் குடும்பக் காரில் தந்தையின் காலடியில் இருப்பது வெறும் விரிப்புத்தான். ஆபத்து நேரத்தில் கைப்பிரேக்கைத் தவிர அவருக்கு வேறு துணை இல்லை. எனவே வண்டியை எடுக்கவும் நிறுத்தவும் பிள்ளை ஓரளவு பழகிய பின்னரே வீட்டுப் பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

பயிற்சிப் பாடசாலையால் சில மணி நேரமே கொடுக்க முடியும். அந்நேரத்துக்குள் மழை பெய்யும் என்பதற்கோ இருள் சூழும் என்பதற்கோ உறுதி இல்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 21 வயதுக்குக் குறைந்த பயிலுநர்கள் 120 மணி நேரம் பெரியவர் ஒருவரின் துணையோடு ஓட்டியிருத்தல் வேண்டும் என 2007 ஆம் ஆண்டில் விதி செய்தனர். மெல்பேர்ணில் வாழும் நம் உறவினர் பலர், மகனோ மகளோ ஓட்டிய ஒவ்வொரு பயணத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தது இதன் பொருட்டே. நமக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும் ஒரு கொப்பியை எடுத்து, எந்நாள், எவ்வீதி, எவ்வளவு நேரம், மழையா வெயிலா, பகலா இரவா என்று குறித்துவர யார் தடை செய்வார்? இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், பிள்ளை எதைப் பழகியுள்ளது, எதை ஒருமுறையேனும் பழகவில்லை என்பது விளங்கிவிடும்.

கண்ணுக்கு முதற்பாடம்

வாகனத்தைக் கை ஓட்டுவதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் கண்ணே ஓட்டுகின்றது. புதிதாகப் பழகுவோரின் பார்வை காரின் மூக்குக்கு முன்னே சில அடிகளில் நின்றுவிடும். பழகியவரின் பார்வையோ அடுத்த சந்திவரை சென்று, பக்கக் கண்ணாடிக்கு வந்து, மீண்டும் வீதிக்குச் செல்லும். இப்பழக்கம் சொல்லி வருவதன்று; பயிற்சியால் வருவது.

அப்பயிற்சியைச் சுக்கான் பிடிக்கும் முன்னரே தொடங்கலாம். நீங்கள் ஓட்டும்போது பிள்ளையை முன் ஆசனத்தில் இருத்தி, வீதியில் காணும் ஆபத்துகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "இடப்பக்கம் ஒழுங்கையிலிருந்து சைக்கிள் வருகின்றது. முன்னே பஸ் நிற்கின்றது. அதன் முன்னாலிருந்து யாரும் கடக்கலாம். படலை திறந்திருக்கின்றது; பந்து உருண்டு வருகின்றது; பின்னால் பிள்ளை ஓடி வரும்." பந்தைக் கண்டவுடன் பிள்ளையை எதிர்பார்க்கும் மனந்தான் சாரதியின் மனம். கைத்தொலைபேசியைப் பார்த்தவாறு பயணம் செய்யும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல விளையாட்டுமாகும்.

நம் பகுதிகளுக்கென்றே உள்ள ஆபத்துகள் சில உண்டு. இரவில் தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகள், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள், விளக்கில்லாச் சைக்கிள்கள், ஒன்றையொன்று முந்த முயலும் பஸ்கள், கைகாட்டாமலே திரும்பும் முச்சக்கர வண்டிகள் ஆகியவற்றைப் பிள்ளை உங்களோடு இருக்கும்போதே கண்டு பழகட்டும். மாரி காலத்தின் முதல் மழையில் வீதியிலுள்ள தூசியும் எண்ணெயும் நீரோடு கலந்து வழுக்கும் என்பதையும் அப்பொழுதே சொல்லுங்கள்.

கூச்சலால் வந்த கேடு

என் சொந்த அனுபவத்தைக் கூறாது மேலே செல்வது நேர்மையன்று. என் மூத்த மகள் பரீட்சை எழுதிவிட்டிருந்த காலத்தில், ஞாயிறுதோறும் காலையில் அவளை அழைத்துச் சென்றேன். முதல் இரண்டு வாரம் ஒழுங்கைகளில் நன்றாகவே ஓட்டினாள். மூன்றாம் வாரம் பலாலி வீதிக்கு வந்தோம். சைக்கிளில் சென்ற முதியவர் ஒருவர் திரும்பிப் பாராது நடுவீதிக்கு விலகினார். "பிரேக்! பிரேக்! கண் தெரியவில்லையா?" என்று நான் கத்தினேன். அவள் பிரேக்கை மிதித்தாள், எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் வந்த வான் ஒரு முழ இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. முதியவர் எதையும் அறியாமல் தம் வழியே போய்விட்டார்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் மகள் இறங்கிப் பின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டாள். மூன்று வாரம் காரின் திறப்பைத் தொடவேயில்லை. ஒருநாள் இரவு சாப்பிடும்போது மெல்லச் சொன்னாள்: "அப்பா, அந்தச் சைக்கிளை நான் முன்னரே கண்டுவிட்டேன். மெதுவாக்கத்தான் போனேன். நீங்கள் கத்தினதும் எனக்கு வீதி தெரியவில்லை. உங்கள் குரல் மட்டுந்தான் கேட்டது."

என்னால் மறுமொழி கூற முடியவில்லை. அன்று விபத்துக்கு மிக அருகில் எங்களைக் கொண்டுசென்றது முதியவரின் சைக்கிள் அன்று, என் கூச்சலே என்பதை உணர்ந்தேன். அதன்பின் என் மனைவி அவளருகில் அமர்ந்தார். அவர் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டிப் பாடசாலைக்குச் செல்பவர். வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு எனக்குப் பின் ஆசனம் கிடைத்தது. அங்கிருந்து நான் கற்றவை பல.

என் மனைவி எதையும் முன்கூட்டியே சொல்வார். "அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்புவோம்" என்பது சந்திக்கு நூறு யார் முன்னரே வரும். சொல்வது சுருக்கமாக இருக்கும். செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்யவேண்டியதைச் சொல்வார்: "வேகமாகப் போகாதே" என்னாமல் "மூன்றாம் கியருக்கு வா, பிள்ளை" என்பார். பிழை நேர்ந்தால் ஓடும் வண்டியில் அதைப் பேசமாட்டார். ஓரமாக நிறுத்தச் சொல்லி, "இப்போது என்ன நடந்தது?" என்று கேட்பார். பெரும்பாலும் மகளே விடையைச் சொல்லிவிடுவாள். அரை மணியோ முக்கால் மணியோ ஆனதும், களைப்புத் தெரியும் முன்னரே பயிற்சியை முடித்துவிடுவார். பதறாத காரியம் சிதறாது என்ற முதுமொழி கார் பழக்குவதற்கும் பொருந்தும்.

உங்களுக்கு முன்கோபம் உண்டென்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். மாமாவோ சித்தியோ பொறுமையுள்ள வேறு யாரேனுமோ அருகில் அமரட்டும். அதில் இழிவொன்றும் இல்லை.

வேகத்தின் கணக்கு

இளைஞருக்கு உபதேசம் கசக்கும். கணக்கு அவ்வாறு கசப்பதில்லை. பௌதிகவியல் படித்த பிள்ளையிடம் இக்கணக்கையே கொடுத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் குடியிருப்புப் பகுதிகளில் கார் செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அதற்கு வெளியே 70 கிலோமீற்றர். 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகின்றது. ஆபத்தைக் கண்ட கண், காலுக்குச் செய்தி அனுப்பிப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி செல்கின்றது என்று கொள்வோம். பிரேக் பிடித்த பின், வறண்ட நல்ல வீதியில் வண்டி நிற்க மேலும் ஏறத்தாழ 14 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 28 மீற்றர். 70 கிலோமீற்றர் வேகத்திலோ, முதல் விநாடியில் 19 மீற்றரும், பிரேக் பிடித்த பின் 27 மீற்றரும் சென்று, 46 மீற்றர் ஆகிவிடும். இது கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளத்தைப்போல் இருமடங்குக்கும் மேலானது. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வீதி நனைந்திருந்தால் இன்னும் கூடும்.

ஒருநாள் மாலை பிள்ளையோடு விளையாட்டு மைதானத்துக்குச் சென்று இத்தூரங்களைக் காலடியால் அளந்து காட்டுங்கள். தாளில் சிறியதாகத் தெரியும் 46 மீற்றர், தரையில் நின்று நோக்கும்போது மனத்தில் பதியும்.

முன்னே செல்லும் வாகனத்தோடு விடவேண்டிய இடைவெளிக்கும் எளிய கணக்குண்டு. முன் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கி, இரண்டு விநாடி கழிந்த பின்னரே நம் வண்டி அக்கம்பத்தை அடைய வேண்டும். மழையில் நான்கு விநாடியாக்கிக்கொள்வது நல்லது.

புகையிரதக் கடவை

வடபகுதிப் பெற்றோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குப் புகையிரதம் வந்தது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களே இல்லாத பாதையைக் கடந்து பாடசாலை சென்ற தலைமுறையினர்தான் இன்றைய பெற்றோர் பலர். பெற்றோலுக்குத் தட்டுப்பாடான அந்நாளில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களையும் சைக்கிள்களையுமே நாம் அறிவோம். ஆதலால் கடவையில் நின்று பார்க்கும் பழக்கம் நம் உடலிலேயே ஊறவில்லை. நமக்கில்லாத பழக்கத்தைப் பிள்ளைக்கு ஊட்டவேண்டிய நிலையில் இருக்கின்றோம்.

கடவைக்கு முன் வண்டியை நிறுத்துக, கண்ணாடியை இறக்குக, வானொலியை அணைக்குக, இரு புறமும் பார்த்துக் காதாலும் கேட்டறிக. அப்பால் நம் கார் நிற்க முழு இடம் உண்டென்று கண்ட பின்னரே தண்டவாளத்தில் ஏறுக. ஒரு புகையிரதம் சென்ற பின் மறுமுறையும் பார்க்க மறவாதிருத்தல் வேண்டும். தண்டவாளத்தின் மேல் எஞ்சின் நின்று, மீண்டும் இயங்க மறுத்தால், முதலில் எல்லோரும் இறங்கி விலகவேண்டும். கார் போனால் வேறு கார் வரும்.

அனுமதிப்பத்திரம் கிடைத்த பின்

அனுமதிப்பத்திரம் வீட்டுக்கு வந்த அன்றே, நண்பர் நால்வரை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் கொழும்புக்குப் புறப்பட நினைப்பது இளமையின் இயல்பு. இங்கேதான் பெற்றோரின் உறுதி வேண்டப்படுகின்றது. நியூசிலாந்தில் 1987 ஆம் ஆண்டிலேயே, புதிய இளம் சாரதிகளுக்கு முழு உரிமையையும் ஒரே நாளில் கொடாது, இரவு ஓட்டத்துக்கும் நண்பர்களை ஏற்றுவதற்கும் தடை வைத்துப் படிப்படியாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தனர். பின்னர் வேறு பல நாடுகளும் அம்முறையைப் பின்பற்றின. சட்டம் செய்யாததை வீடு செய்யலாம்.

முதல் மாதம் பகலில், தெரிந்த வீதிகளில், தனியாகவோ வீட்டார் ஒருவரோடோ ஓட்டட்டும். அடுத்து மழையிலும் நகர நெரிசலிலும் பழகட்டும். இரவு ஓட்டமும் நெடுந்தூரப் பயணமும் முதலில் உங்கள் துணையோடு நடக்கட்டும். ஒத்த வயதினரை ஏற்றிச் செல்வது எல்லாவற்றிலும் கடைசியாக இருக்கட்டும். தனியே நிதானமாக ஓட்டும் பிள்ளையே, பின்னால் மூன்று நண்பர்கள் சிரித்துக் கொண்டிருக்கும்போது வேறொரு பிள்ளையாகிவிடுகின்றது என்பதை ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

இவ்வொழுங்குகளைத் திறப்பைக் கொடுக்கும் முன்னரே பிள்ளையோடு இருந்து பேசி முடிவு செய்யுங்கள். முன்னரே பேசினால் அது ஒப்பந்தம். பின்னர் விதித்தால் அது தண்டனையாகவே பிள்ளைக்குத் தோன்றும். அவ்வொப்பந்தத்தில் ஒரு வாக்குறுதி உங்கள் பக்கத்திலும் இருக்கட்டும்: "எந்நேரமாயினும், எந்நிலையிலாயினும், ஓட்ட முடியாதென்று தோன்றினால், அல்லது ஓட்டுபவன் மது அருந்தியிருந்தால், எங்களை அழை. கேள்வி கேளாமல் வந்து கூட்டிச் செல்வோம்." விசாரணையை மறுநாட் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும், "எங்கே நிற்கிறாய்?" என்று தொலைபேசியில் அழைக்காதீர்கள். அழைப்பது அன்பினால்தான், ஆயினும் அவ்வழைப்பை எடுக்கும் கை சுக்கானை விட்டு எடுக்கப்படும் கையாகும்.

தாய் எட்டடி பாய்ந்தால்

இன்னொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். நல்ல பெறுபேறு எடுத்தால் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்களிக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். மோட்டார் சைக்கிளில் பிள்ளையைச் சுற்றித் தகடில்லை. தலைக்கவசம் ஒன்றே காப்பு. அதைப் பரிசாகக் கொடுப்பதற்கு முன், அனுமதிப்பத்திரமும் பயிற்சியும் தரமான தலைக்கவசமும் உண்டா என்று பாருங்கள். பதினாறு வயதுப் பையனைப் பக்கத்துக் கடைக்குத்தானே என்று அனுப்புவதும் சட்டத்துக்குப் புறம்பானதே.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பர். பிள்ளை கார் பழகத் தொடங்குவது 18 வயதில் என்று நினைக்கின்றோம். ஆனால் முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டு நின்ற நாளிலிருந்தே அது நம்மைப் பார்த்துப் பழகிவருகின்றது. ஆசனப்பட்டி அணியாத தந்தை, சந்தியில் நில்லாத தந்தை, வேறு சாரதிகளை வைது கொண்டே ஓட்டும் தந்தை ஆகியோர் அறியாமலே பாடம் நடத்தியிருக்கின்றனர். என் மகள் பழகத் தொடங்கிய பின், என் ஓட்டத்திலும் சில பிழைகளை அவள் காட்டினாள். முதலில் சினம் வந்தது. பின்னர் திருத்திக்கொண்டேன்.

அவள் முதன்முதலில் தனியே காரை எடுத்துச் சென்றது அம்மம்மா வீட்டுக்கு. தூரம் மூன்று கிலோமீற்றர். போய்வர அரை மணி போதும். ஒரு மணி ஆயிற்று. தொலைபேசியைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன், அழைக்கவில்லை. பின்னர் படலையடியில் கார் வந்து மெல்லத் திரும்பி உள்ளே நுழைந்தது. "அம்மம்மா தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டேன் என்றா" என்று சொல்லித் திறப்பை என் கையில் தந்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அத்திறப்பை அதற்குரிய ஆணியில் கொழுவினேன். இப்பொழுது அது எங்கள் வீட்டில் மூவருக்கும் பொதுவான திறப்பு. உங்கள் வீட்டுத் திறப்பும் அவ்வாறே பிள்ளையின் கைக்குச் செல்லும் நாள் வரும். அவசரப்படாது, அஞ்சவும் செய்யாது, அந்நாளுக்காகப் பிள்ளையையும் உங்களையும் ஒருங்கே ஆயத்தம் செய்யுங்கள்.